திரையில் இருப்பவர் அரங்கிலும் இருக்கட்டும்

வேலையிடத்தில் காயமடைந்து, இழப்பீட்டுக்காகக் காத்திருந்த பங்ளாதேஷ் ஊழியரைப் பற்றிய ஆவணப்படம் ‘ஐ டிரீம் ஆஃப் சிங்கப்பூர்’. லெய் யுவான் பின் இயக்கிய இப்படம் 2020ல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இத்தகைய ஊழியர்களுக்கு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் தொண்டூழியர்கள் இலவச உணவு வழங்கி வருகின்றனர். பெர்லின்வரை சென்றது நம் தேக்காவின் கதைதான்.

ஆனால், பன்முகப் பண்பாட்டைக் கொண்டாடும் ஆவணப்பட விழாக்களின் பார்வையாளர்களிடையே ஊழியர்களைக் காண்பது அரிது. பிரெஞ்சு மானுடவியலாளர் ஜான் ரூஷ், தாம் படம்பிடித்தவர்களுக்கே படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன குறைகளையும் 1961ல் வெளியான அப்படத்தில் சேர்த்தார்.

இங்கும் அது முடியும். ஊழியர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமையில், தேக்காவிலேயே, தமிழ், வங்காள வசனவரிகளுடன் திரையிடலாம். படம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.