“சத்தம் போடாதேங்கோ, அப்பா படுக்கிறார்”



குடும்பத்தில் பிரிவு வந்தால் எம்மவர் முதலில் யோசிப்பது ‘சனம் என்ன சொல்லும்’ என்பதைத்தான். ‘பிள்ளைக்கு நாலு வயது, அதுக்கென்ன விளங்கும்’ என்று விட்டுவிடுகிறோம். ஊரில் என்றால் அம்மம்மா, மாமி, சித்தி என்று பிள்ளையை ஏந்த நாலு வீடு இருக்கும். இங்கே பூட்டிய கதவுக்குள் பிள்ளையும் பொம்மைகளும்தான்.

பிள்ளைக்கு எல்லாம் விளங்கும். வாயால் சொல்லத் தெரியாததை விளையாட்டில் சொல்லும். சுவிஸ் நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே (1896-1980) இந்தப் பாவனை விளையாட்டை ஆராய்ந்தவர். ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரை இது பிள்ளையின் இயல்பான வளர்ச்சி. பொய்யுமல்ல, வருத்தமுமல்ல.

நாம் அறிந்த ஒரு வீட்டில் தகப்பன் பிரிந்து வேறு நகரத்துக்குப் போய்விட்டார். ‘அப்பா இரவு வேலைக்குப் போட்டார்’ என்றே மகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அவள் கரடிப் பொம்மையை அப்பாவாக்கிப் போர்வையால் மூடுவாள். “சத்தம் போடாதேங்கோ, அப்பா வேலையால வந்து படுக்கிறார்” என்று மற்றப் பொம்மைகளை அதட்டுவாள். பிறகு கரடியின் காதுக்குள், “நான் இனிக் குழப்படி செய்யமாட்டன்” என்பாள்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தன்னால்தான் அப்பா போனார் என்று இந்த வயதுப் பிள்ளைகள் பலர் எண்ணுவார்கள். நாம் உண்மையை மறைத்தால், பிள்ளை காரணத்தைத் தன்னிடமே தேடும்.

விளையாட்டைக் குழப்பாதீர்கள். வெறுங் கோப்பையில் தேத்தண்ணி தந்தால் வாங்கிக் குடியுங்கள். விளையாட்டைச் சாட்டாக வைத்து, ‘அப்பா வீட்டில ஆர் இருக்கினம்?’ என்று துருவாதீர்கள். வேறொரு நேரத்தில், “அம்மாவும் அப்பாவும் இனி வேற வேற வீட்டில இருப்பம். அது உன்னால இல்லை. ரெண்டு பேருக்கும் நீ பிள்ளைதான்” என்று சொல்லுங்கள். ஒருமுறை போதாது, கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள். அப்பா வரும் நாளைக் கலண்டரில் காட்டுங்கள்.

ஜேர்மனியில் 1998 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, தாய் தகப்பன் இருவரோடும் பழகுவது பிள்ளையின் உரிமை. மற்றவரோடு பிள்ளைக்குள்ள உறவைக் கெடுக்கும் எதையும் பெற்றோர் செய்யக்கூடாது. பிரிவு பற்றிய ஆலோசனையை யூகன்ட்அம்ற் என்னும் இளையோர் நலப் பணிமனையில் கேட்கலாம். மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பிள்ளை பல நாட்களாகச் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல் இருந்தால் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெரியவர் சண்டை பெரியவரோடு நிற்கட்டும்.