வீடியோ நம்முடையது, தலைப்பு அவர்களுடையது

என் சித்தி மகனுக்கு அப்போது 19 வயது. இரண்டு நாள் மழை விட்ட காலை, காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பாடையை வயல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்காலுக்கு மேல் சேறு. ஒருவர் சறுக்கி விழ, பாடை ஒருபக்கம் சாய்ந்தது. தம்பி அதைக் கைபேசியில் எடுத்தான். 42 வினாடி. ஒரு செய்தித் தொலைக்காட்சியின் திரையடியில் தினமும் ஓடும் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினான். "உங்கள் பகுதிப் பிரச்சினையை அனுப்புங்கள், நீங்களும் செய்தியாளர்தான்" என்று அழைக்கும் எண் அது.

மாலைச் செய்தியில் வந்துவிட்டது. காலனியே கூடி நின்று பார்த்தது. தலைப்பு இதுதான்: "சாலை வசதி இல்லாததால் இறந்தவர் உடலை வயல் வழியே சுமந்து செல்லும் அவலம்."

சாலை வசதி இல்லாமல் இல்லை. சாலை இருக்கிறது, தார்ச் சாலை. அது ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகிறது. அந்தத் தெருவில் எங்கள் பிணம் போகக்கூடாது. செய்தி அதுதான். தம்பி வீடியோவோடு அதையும் எழுதித்தான் அனுப்பியிருந்தான். காட்சியை எடுத்துக்கொண்டவர்கள் அந்த வரியை எடுத்துக்கொள்ளவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. காட்சியின் பின்னணியில் ஒரு குரல் கேட்டது: "அண்ணே பாத்து, வரப்பு வழுக்குது." அது தம்பியின் குரல். முகம் தெரியவில்லை, பெயர் போடவில்லை, ஆனால் அந்தக் குரலை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை டிராக்டர் வேலைக்குப் போனவனிடம் கேட்டார்கள்: "நீதான் எடுத்தியாடா?" அதற்குப் பிறகு அவனுக்கு அந்த ஊரில் வேலை இல்லை. சேனலுக்குப் போன் போட்டோம். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, ஃபாலோ-அப்புக்கு விஷுவல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

தோழர்களே, இதை ஒரு சேனலின் அலட்சியம் என்று சொல்லிக் கடந்துபோக நான் தயாராக இல்லை. இந்த ஏற்பாடே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் சுரங்க ரயிலுக்குள் சிக்கிய பயணிகள் தங்கள் கைபேசியில் எடுத்த படங்கள்தான் முதலில் உலகுக்குப் போயின. பிபிசியும் மற்ற நிறுவனங்களும் அன்று ஒரு பாடம் கற்றன: நம் கேமரா போய்ச் சேர முடியாத இடத்தில் பார்வையாளரின் கேமரா இருக்கிறது. அடுத்த ஆண்டே சி.என்.என். 'ஐ-ரிப்போர்ட்' தொடங்கியது. இந்தியாவில் சி.என்.என்-ஐ.பி.என். 'சிட்டிசன் ஜர்னலிஸ்ட்' என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தி விருதும் கொடுத்தது. செய்தி ஜனநாயகமாகிவிட்டது, இனி மக்களே செய்தியாளர்கள் என்றார்கள்.

அன்றைய ஐ-ரிப்போர்ட் விதிமுறைகளைப் படித்தால் அந்த ஜனநாயகத்தின் அளவு தெரியும். அனுப்பிய காட்சியை நிறுவனம் உலகம் முழுக்க, காலவரையறையின்றி, காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்றிருந்தது. அதனால் வில்லங்கம் வந்தால் பொறுப்பு அனுப்பியவருக்கு என்றிருந்தது. உழைப்பும் ஆபத்தும் நமக்கு, காட்சியும் விளம்பர வருமானமும் அவர்களுக்கு. நம் ஊர் வாட்ஸ்அப் எண்ணில் இந்த விதிமுறைகூடக் கண்ணில் படுவதில்லை. அனுப்பியதே சம்மதம் ஆகிவிடுகிறது. மாவட்டத்தில் இருக்கும் பகுதிநேரச் செய்தியாளருக்கே ஒழுங்கான சம்பளம் தராத தொழிலில், சேரிப் பையனின் வீடியோவுக்கு யார் கூலி தரப்போகிறார்கள்?

கூலியைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காட்சிக்கு யார் பெயர் வைக்கிறார்கள்?

1996-இல் டெல்லியில் பத்திரிகையாளர் பி.என். உனியால் ஒரு தலித் செய்தியாளரைத் தேடி அலைந்தார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதினார். 23 ஆண்டு கழித்து, 2019-இல், ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து நாளிதழ், தொலைக்காட்சி, இணையம், வார இதழ் எல்லாவற்றிலும் கணக்கெடுத்தார்கள். தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106 பேர் உயர்த்திக்கொண்ட சாதியினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. கைபேசி கோடிக்கணக்கான கைகளுக்கு வந்துவிட்ட பிறகு எடுத்த கணக்கு இது. கேமரா கைமாறியது, செய்தி மேசை கைமாறவில்லை.

அதனால்தான் 'தீண்டாமை' என்று அனுப்பியது 'அவலம்' என்று வெளியாகிறது. 'சாதிவெறித் தாக்குதல்' என்று அனுப்பியது 'இருதரப்பு மோதல்' ஆகிறது. 'பஞ்சாயத்துத் தலைவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை' என்பது 'உள்ளூர் அரசியல் தகராறு' ஆகிறது. சாலை இல்லை என்றால் குற்றவாளி ஒரு பொறியாளர், ஒரு டெண்டர். தெருவில் போகவிடவில்லை என்றால் குற்றவாளி ஒரு ஊர். அந்த ஊரில் சேனலுக்குப் பார்வையாளர் இருக்கிறார்கள், விளம்பரதாரர் இருக்கிறார்கள், மேசையில் இருப்பவரின் சொந்தக்காரரும் இருக்கலாம்.

"எதுவுமே வராமல் இருப்பதைவிட, ஏதோ வந்ததே" என்று நம் நண்பர்களே சொல்கிறார்கள். இந்த வாதத்தை நான் உதறித் தள்ளவில்லை. கோகுல்ராஜ் வழக்கை எண்ணிப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்து கடத்தப்பட்டவரின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று முடிந்திருக்க வேண்டிய கதையை, கோயிலின் கண்காணிப்பு கேமராவும் ஒரு தாயின் விடாப்பிடியும் மாற்றின. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. காட்சிக்கு வலிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

அதே வழக்கின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தலைமறைவாக இருந்த யுவராஜ் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக அனுப்பிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சிகள் அவற்றை ஒலிபரப்பின. போலீஸ் தேடும் ஆளுக்கு வீட்டுக்கு வீடு மேடை கிடைத்தது. 'மக்கள் அனுப்பும் செய்தி' என்று நாம் கொண்டாடும் வாசல் எல்லாருக்கும்தான் திறந்திருக்கிறது. அதில் அதட்டலாக நுழைகிறவர் யார், கைகட்டி நிற்கிறவர் யார் என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது.

குஜராத்தின் உனாவை மறந்திருக்க மாட்டோம். 2016 ஜூலை 11. செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் நால்வரைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த வீடியோவை எடுத்துப் பரப்பியது அடிபட்டவர்கள் அல்ல, அடித்தவர்கள். மாட்டைத் தொட்டால் இதுதான் கதி என்று காட்டுவதற்காக எடுத்தார்கள். தொலைக்காட்சிகள் அதை நாள் முழுக்க ஓட்டின. வெற்று உடம்பில் விழும் அடி மீண்டும் மீண்டும் விழுந்தது. அதை அவமானக் காட்சியாகவே உறைந்துவிடாமல் மாற்றியது எந்தச் சேனலும் அல்ல. சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொண்டுவந்து கொட்டிய மக்கள் மாற்றினார்கள். அகமதாபாத்தில் இருந்து நடந்து ஆகஸ்ட் 15 அன்று உனாவில் கூடி, இனி இந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள் மாற்றினார்கள். அந்த வீடியோவுக்குச் சரியான தலைப்பை வைத்தது இயக்கம்.

வேங்கைவயலில் இது இன்னும் கசப்பானது. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதைச் செய்தவர்களை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை. இரண்டு ஆண்டு காத்திருந்த பிறகு, 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே மக்களில் மூன்று இளைஞர்கள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த நாட்களில் கைபேசிக் காட்சிகளும் பேச்சுப் பதிவுகளும் வெளியே கசிந்து எங்கும் பரவின. ஊர்மக்கள் குற்றச்சாட்டை ஏற்கவில்லை, இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் ஏற்கவில்லை. நீதிமன்றம் இன்னும் எதையும் விசாரித்து முடிக்காத நிலையில், பின்னணி தெரியாத துண்டுக் காட்சி வீட்டுக்கூடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது. நாம் குற்றம் சாட்டும்போது "வீடியோ ஆதாரம் எங்கே?" என்று கேட்பவர்கள், நம்மைக் குற்றம் சாட்டும்போது அந்த வீடியோ எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்பதில்லை.

நம்மிடம் வீடியோ கேட்பது ஏன்? நம் வாய்ச்சொல்லுக்கு இந்த நாட்டில் மதிப்பு இல்லாததால்தான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கண்ணால் கண்டவர்கள் சாட்சி சொன்னார்கள். கார் வைத்திருக்கும் நிலக்கிழார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற தொனியில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அன்று கூலிக்காரரின் கண்ணை நம்பாத சமூகம் இன்று கூலிக்காரரின் கேமராவைக் கேட்கிறது. தேநீர்க் கடைக்காரரின் பார்வையை, வாடகைக்கு வீடு கேட்கும்போது வரும் "நீங்க என்ன ஆளுங்க?" என்பதை, ஆய்வு நெறியாளரின் அறையில் நீளும் மௌனத்தை எப்படி வீடியோ எடுப்பது? படம்பிடிக்க முடிந்தது மட்டும்தான் சாதிக்கொடுமை என்று ஆகிவிட்டால், சாதியின் பெரும்பகுதி தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எடுத்ததை இப்படித் தாரைவார்ப்பதை நிறுத்தச் சொல்கிறேன்.

முதலில் நாம் செய்ய வேண்டியது. எடுத்த கோப்பு எடுத்த கைபேசியிலேயே அப்படியே இருக்கட்டும், அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் படிவம் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. சேனலின் முத்திரை ஒட்டி, பின்னணி இசை போட்ட துண்டை நம்பி வழக்கு நிற்காது. முதல் பிரதி வழக்குரைஞருக்கும் இயக்கத் தோழர்களுக்கும் போகட்டும், சேனல் அதற்குப் பிறகு. அனுப்பும் முன் யார் முகம், யார் குரல், யார் வீடு தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். அடையாளம் தெரிந்தால் அடி வாங்கப்போவது செய்தி ஆசிரியர் அல்ல.

அடுத்து சேனல்களிடம் கேட்க வேண்டியது. அனுப்பியவரிடம் பேசாமல் ஒரு வினாடிகூட ஒளிபரப்பாதீர்கள். காசு கொடுங்கள். பெயர் வேண்டும் என்றால் போடுங்கள், வேண்டாம் என்றால் குரலையும் மாற்றுங்கள். திரும்பப் பெறும் உரிமை கொடுங்கள். அனுப்பியவர் சாதி என்று எழுதியிருந்தால் அதை அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை, சந்தேகம் இருந்தால் செய்தியாளரை அனுப்பி விசாரியுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, "நீங்களும் செய்தியாளர்தான்" என்று திரையடியில் ஓட்டுவதை விட்டுவிட்டு எங்களை வேலைக்கு எடுங்கள். நாங்கள் செய்தியாளர்கள்தான் என்றால் நியமன ஆணை எங்கே?

அவர்கள் தரும் வரை காத்திருந்த வரலாறு நமக்கு இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கினார், கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1920-இல் அம்பேத்கர் தொடங்கிய இதழுக்கு வைத்த பெயரே 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். 2002-இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் தொடங்கிய 'கபர் லஹரியா'வில் தலித் பெண்கள் இன்று கைபேசியோடு போய், தாங்களே எடுத்து, தாங்களே வெட்டி, தாங்களே தலைப்பு வைக்கிறார்கள். இவர்கள் யாரும் பார்வையாளராக இருந்து துணுக்கு அனுப்பவில்லை. மேசையையே தங்கள் வீட்டில் போட்டுக்கொண்டார்கள்.

தம்பி இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்த 42 வினாடி இன்னும் அவன் போனில் இருக்கிறது. அந்தத் தார்ச் சாலையும் அங்கேயேதான் இருக்கிறது. போன மழையில் இன்னொரு பாடை வயலில்தான் இறங்கியது. இந்த முறை எடுத்தவர்கள் சேனலுக்கு அனுப்பவில்லை. வீடியோவோடு ஊர்த்தெருவின் வரைபடத்தையும் இணைத்து, எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்திருக்கிறார்கள். புகாரின் முதல் வரி இப்படித் தொடங்குகிறது: "எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குச் சாலை இருக்கிறது."