வீடியோ காலில் தெரியாத கால்

"சுகருக்கு இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், போனிலேயே டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறோம். அது யாருடைய போன், எந்த நேரத்தில், போனுக்கு இந்தப் பக்கம் நோயாளிக்குப் பக்கத்தில் யார் நிற்பார் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. தோழர்களே, நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்பத்தூரில் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் ஒரு துப்புரவுத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க அவர் என்னென்ன செய்ய வேண்டும்? வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு டாக்டர், அதன்பின் மருந்து வாங்கும் வரிசை. அரை நாள் போயிற்று. ஒப்பந்த வேலையில் அரை நாள் என்பது அன்றைய கூலி. அதனால்தான் மாத்திரை தீர்ந்த பிறகும் "அடுத்த வாரம் போகலாம்" என்று நாள் தள்ளுகிறார்கள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். இதை அலட்சியம் என்று எழுதி வைக்கிற டாக்டருக்கு மஸ்டர் ரோல் என்றால் என்னவென்று தெரியாது.

எனவே தொலைமருத்துவத்தை நான் எதிர்க்கவில்லை. அந்த அரை நாளை அது மீட்டுக் கொடுத்தால் நமக்கு லாபம்தான். 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு டாக்டர் போன் வழியாகவே மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம். அடுத்த மாதம் வந்த இ-சஞ்சீவனி சேவை இலவசம். கொரோனாக் காலத்தில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டில் இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒருவர்தான். வீட்டில் ஒரே ஸ்மார்ட் போன், அதுவும் மகன் கையில் என்றால் அம்மாவின் சுகரை யார் பார்ப்பது?

இதைவிடப் பெரிய சிக்கல் காலில் இருக்கிறது. சர்க்கரை வருடக்கணக்கில் ஏறிக் கிடந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். கண்ணாடித் துண்டு குத்தினாலும் தெரியாது. நாள் முழுக்கக் குப்பையிலும் ஈரத்திலும் நிற்கிற கால் அது. புண் அழுகி நாற்றம் வரும்போதுதான் வீட்டார் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு விரலை எடுப்பதா பாதத்தை எடுப்பதா என்பதுதான் பேச்சு. மரத்துப்போனதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். ஒரு சிறு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டால் போதும். ஆனால் அதற்கு ஒருவர் குனிந்து அந்தக் காலைக் கையில் பிடித்தாக வேண்டும்.

நம்மைத் தொடாமல் பார்ப்பது இந்த நாட்டுக்குப் புதிதா என்ன? எட்டி நின்று மாத்திரை நீட்டிய கைகளை நம் பாட்டிமார் பார்த்திருக்கிறார்கள். "திரையில் பார்த்தாலே போதும்" என்பதைச் சேரிக்கு மட்டும் போதுமான மருத்துவமாக ஆக்கிவிட்டால், அது பழைய எட்டி நிற்றல்தான். காசுள்ளவர் போனிலும் பேசுவார், நேரிலும் போவார்.

தொலைமருத்துவம் வெற்றி பெற்ற இடத்தைப் பாருங்கள். 2006-இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூனாம்பேட்டைச் சுற்றி 42 கிராமங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. டாக்டர் மோகன் குழுவினர் நடத்தினார்கள், இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்புத் தந்தது. ஒரு வேன் ஊர் ஊராகப் போய், விழித்திரையைப் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பியது. 23,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒரே ஆண்டில் 9.3-லிருந்து 8.5-ஆகக் குறைந்தது. செயற்கைக்கோளைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் ஊருக்குள் வந்து நின்ற வேனும், அதிலிருந்து இறங்கி ரத்தம் எடுத்த ஆட்களும், உள்ளூரிலேயே அமைந்த சிகிச்சை மையமும் இல்லாமல் செயற்கைக்கோள் எதைக் காட்டியிருக்கும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் முதுகெலும்பு அந்த ஆட்கள்தான். வீடு வீடாகச் சுகர் மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர், ஊக்கத்தொகை என்று சம்பளம். 2024-இல் திட்டத்துக்கு ஐ.நா. விருது வந்தது. அந்தப் பெண்களுக்குப் பணி நிரந்தரம் எப்போது வரும்?

அண்ணலுக்கும் சர்க்கரை நோய்தான். கால் வலி அவரைப் படுத்தி எடுத்தது. 1948 தொடக்கத்தில் அவர் டெல்லியில் சட்ட அமைச்சர், வைத்தியம் பார்த்த மால்வங்கர் பம்பாயில். உடல்நிலை பற்றிக் கடிதங்கள் போய் வந்தன. அன்றைய தொலைமருத்துவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதவில்லை. உணவையும் இன்சுலினையும் கவனிக்கப் பக்கத்திலேயே ஒருவர் வேண்டும் என்றானது. அந்த ஏப்ரல் 15-இல் அவர் மணந்துகொண்ட சாரதா கபீர் ஒரு மருத்துவர். திருமணத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றிய அமைச்சருக்கே பக்கத்தில் ஒரு கை தேவைப்பட்ட நோய் இது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். உங்களில் பலர் அங்கே வந்தீர்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்திய மறுநாள் அரசு அறிவித்தவற்றில், தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரும் தனித் திட்டமும் ஒன்று. சர்க்கரை நோயாளிகளின் பாதப் பரிசோதனையை அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். வேலை நேரத்துக்குள், கூலி பிடிக்காமல், வார்டு அலுவலகத்திலேயே ஒரு செவிலியரை உட்கார வைத்துத் திரையைத் திறக்கட்டும்.

அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட வேண்டும். 7-ஆவது மண்டலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் விழித்திரைக் கேமரா எத்தனை? கடந்த ஓராண்டில் எத்தனை சுகர் நோயாளிகளின் பாதம் பரிசோதிக்கப்பட்டது? அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் இந்த வாரமே எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான்.