கம்பி எங்கே போகிறது என்று கேளுங்கள்



அண்மையில் செராஸ் வட்டாரத்தில் நடைபெற்ற ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பள்ளியின் கணினி வலையமைப்பு எப்படி அமைய வேண்டும் என்பதை ஒரு மென்பொருளில் வரைந்து திரையில் காட்டினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த தந்தை ஒருவர் எழுந்தார். "சார், இது கேம் மாதிரி இருக்கே. வயர் இழுக்கிறது காண்டிராக்டர் வேலை. வாத்தியாருக்கு எதுக்கு சார் இது?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியொன்றில் (பெயர் வேண்டா) பெற்றோரும் நன்கொடையாளரும் சேர்ந்து 20 கணினிகள் வாங்கித் தந்தார்கள். திறப்புவிழா, மாலை, பொன்னாடை, சுவரில் பெயர்ப்பலகை எல்லாம் குறைவின்றி நடந்தன. இணைய இணைப்பு முன்கட்டடத்து அலுவலகத்திற்கு வந்தது. கணினிக்கூடமோ பின்கட்டடத்தின் மாடியில் இருந்தது. இடையில் ஒரே கம்பி, தாழ்வாரக் கூரையோடு ஓடி, சபைகூடும் திடலைச் சுற்றி, மாடிக்கு ஏறியது. இணைப்பு வரும், போகும்; பெரும்பாலும் போகும். 'கணினி பழையது' என்றார் ஒருவர். 'இணைய நிறுவனம் சரியில்லை' என்றார் மற்றொருவர். இப்படியே 2 ஆண்டுகள் கழிந்தன. மாணவர்கள் அந்தக் கூடத்தில் படம் வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பள்ளி விடுமுறையில் நான் சிஸ்கோ நிறுவனத்தின் 'பேக்கெட் டிரேசர்' என்னும் மென்பொருளைக் கற்றேன். 1997இல் தொடங்கப்பெற்ற சிஸ்கோ வலையமைப்புக் கல்விக்கழகத்தின் வழி, பதிவு செய்துகொள்ளும் எவரும் அதனை இலவசமாகப் பெறலாம். உண்மைக் கருவிகளைத் தொடாமலே ஒரு வலையமைப்பைக் கட்டி இயக்கிப் பார்க்க உதவுவது அது. அதில் இரண்டு தோற்றங்கள் உண்டு. ஒன்றில் எந்தக் கருவி எதனோடு பேசுகிறது என்பது மட்டுமே தெரியும். அங்கே கம்பிக்கு நீளமே கிடையாது. இரண்டு பெட்டிகளைச் சொடுக்கினால் இணைப்பு பிறந்துவிடும். மற்றொன்று இடத்தைக் காட்டுவது. நகரம், அதனுள் கட்டடம், கட்டடத்துள் கம்பிகள் வந்து கூடும் அறை, அறைக்குள் கருவிகளை அடுக்கும் சட்டம் என்று படிப்படியாக உள்ளே செல்லலாம். நம் பள்ளியின் வரைபடத்தையே பின்னணியாக விரித்து வைக்கலாம். அருகலை (வைஃபை) எவ்வளவு தூரம் பரவும் என்பதையும் அது வட்டமாகக் காட்டும்.

பெரும்பாலோர் முதல் தோற்றத்தோடு நின்றுவிடுகின்றனர். பயிற்சிப் பட்டறைகளும் அப்படித்தான். நானும் அதில்தான் வரைந்து, 'எல்லாம் சரியாகத்தானே உள்ளது!' என்று மகிழ்ந்தேன். பிறகு இரண்டாம் தோற்றத்திற்குச் சென்றேன். ஆறாம் ஆண்டு மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு, அளவு நாடாவுடன் கம்பியின் வழியே நடந்தேன். ஏற்ற இறக்கம் சேர்த்து 137 மீட்டர் வந்தது. அதே தொலைவு வருமாறு படத்தில் பெட்டிகளைத் தள்ளி வைத்தேன். பச்சை விளக்கு சிவப்பாயிற்று.

வலையமைப்புக்குப் பயன்படும் செம்புக்கம்பிக்கு 100 மீட்டர் எல்லை உண்டு. சுவருக்குள் நிலையாகப் பதிப்பது 90 மீட்டர். இருமுனையிலும் கருவியோடு சேர்க்கும் சிறு கம்பிகளுக்கு 10 மீட்டர். இதனைத் தாண்டினால் எந்த உறுதியும் இல்லை. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. எங்கள் பள்ளியின் இரண்டாண்டுப் புதிருக்கு விடை இவ்வளவுதான்! இடைவழியிலிருந்த நூலக அறையில் ஒரு சுவிட்ச் (விளக்குப் போடும் சுவிட்ச் அன்று, பல கம்பிகளை ஒன்றுசேர்க்கும் பெட்டி) வைத்தோம். 20 கணினிகளின் விலைக்கு முன் அந்தப் பெட்டியின் விலை ஒரு பொருட்டே அன்று.

'இதற்கு அளவு நாடாவே போதுமே, மென்பொருள் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 100 மீட்டர் விதியை முன்பே அறிந்தவருக்கு நாடாவே போதும். எனக்கு அந்த விதியைச் சொன்னது மென்பொருள். அதைவிட, என் சொல்லை நம்பாத நிர்வாகம் சிவப்பு விளக்கை நம்பியது.

அந்த மென்பொருள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமின்னல் அதில் இல்லை. இரு கட்டடங்களுக்கிடையே வெட்டவெளியில் செம்புக்கம்பி ஓடினால், மின்னல் தாக்கத்தின்போது இருபுறக் கருவிகளும் சேர்ந்து கருகும் வாய்ப்பு உண்டு. அங்கே கண்ணாடியிழைக் கம்பியே ஏற்றது. அது மின்சாரத்தைக் கடத்தாது, 100 மீட்டருக்கு அப்பாலும் செல்லும். ஆனால் படம் வரைந்து பார்த்தவருக்குத்தான் 'இந்தக் கம்பி வெளியே போகிறதே' என்ற எண்ணமாவது தோன்றும்.

நாட்டளவிலும் நாம் கருவிகளையும் திட்டங்களையும் எண்ணியே பழகிவிட்டோம். 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2011இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கென '1பெஸ்தாரிநெட்' வந்தது. தேசியக் கணக்காய்வாளரின் குறைகூறலுக்கு உள்ளாகி, 2019இல் முடிவுக்கு வந்தது. இவற்றின் அரசியலை அலசுவது என் நோக்கமன்று. அந்த 20 ஆண்டுகளில் நம் கூட்டங்களில் 'எத்தனை கணினி?' என்ற கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'கம்பி எந்தச் சுவர் வழியாக வரும்?' என்று ஒருவர் கேட்டும் நான் கேட்டதில்லை.

பாடம் நடத்தும் முறையும் இதே நோயால் வாடுகிறது. இடைநிலைப்பள்ளி மாணவரின் குறிப்பேடுகளைப் பாருங்கள். விண்மீன் வடிவம், வளைய வடிவம், நேர்க்கோட்டு வடிவம் என மூன்று படங்கள் அடிக்கோலால் அழகாக வரையப்பட்டிருக்கும். பழைய 'ஹப்' பெட்டியைக் கொண்ட வலையமைப்பு கண்ணுக்கு விண்மீனாகவும் செயலில் நேர்க்கோடாகவும் இருந்தது என்று சொன்னால், பிள்ளை விழிக்கும். இடத்தின் அமைப்பு வேறு, செயலின் அமைப்பு வேறு என்று யாரும் அதற்குக் காட்டவில்லை. 'தமிழில் இதையெல்லாம் விளக்க முடியாது' என்போரும் நம்மிடையே உள்ளனர். நான் அந்த நான்கு மாணவருக்கும் தமிழில்தான் விளக்கினேன். நீளம், அளவுத்திட்டம், கூட்டல் எல்லாம் அவர்கள் கணிதப் பாடத்தில் ஏற்கெனவே தமிழில் கற்றவைதாமே?

ஆகவே, பெற்றோரே, அடுத்த முறை கணினிக்கூடத்திற்கென நிதி கேட்டு யாரேனும் வந்தால், காசோலையில் கையொப்பமிடும் முன் ஒரு படம் கேளுங்கள். இணைப்பு எந்த அறைக்கு வருகிறது, பெட்டி எங்கே இருக்கும், அதற்கு மின்செருகி உண்டா, அறையின் சாவி யாரிடம், கம்பியின் நீளம் எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். குத்தகையாளர் தரமாட்டார் என்றால் உங்கள் பிள்ளைகள் அளந்து வரைவார்கள். ஆசிரிய நண்பர்களே, அதற்கு ஒரு சனிக்கிழமை காலை போதும். நாடா என்னிடம் இருக்கிறது. 50 மீட்டர் நீளமுள்ளது.

அன்று கேள்வி கேட்ட அந்தத் தந்தை, கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "நம்ம ஸ்கூல்ல எவ்வளவு தூரம் சார் வருது?" என்று கேட்டார். இன்னும் அளக்கவில்லை என்றேன். வரும் சனிக்கிழமை அவரும் வருகிறார்.