ஆம்ப்ளிஃபயர் டப்பாவுக்கு உள்ளேயா, வெளியேயா?

1980, 90களில் சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பானை ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கும். மண்பானையின் வாயில் ஒரு ஸ்பீக்கரைக் கவிழ்த்து, ரேடியோ கடையில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து விட்டால் வேலை முடிந்தது. தறிச் சத்தத்தையும் மீறிப் பாட்டு கேட்கும். அதற்கு 'பாஸிவ்' என்று ஒரு பெயர் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கர் என்றாலே அதுதான்!

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் "ஆக்டிவ் வாங்குங்க, அதான் லேட்டஸ்ட்" என்கிறார்கள். லேட்டஸ்ட் எல்லாம் ஒன்றும் இல்லை. 1926-லேயே அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி, ரேடியோலா 104 என்ற ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரை உள்ளே வைத்தே விற்றது. அது கிடக்கட்டும். ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருப்பதெல்லாம் ஆக்டிவ் ஆகிவிடாது என்பதுதான் இங்கே பலருக்கும் பிடிபடாத விஷயம்.

பாஸிவ் டப்பாவில் ஆம்ப்ளிஃபயர் பெருக்கி அனுப்பும் பெரிய மின்சாரத்தைக் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த கிராஸ்ஓவர் பிரிக்கிறது. கனத்த ஒலி வூஃபருக்கு, கூர்மையான ஒலி ட்வீட்டருக்கு. இதில் கொஞ்சம் சூடாக வீணாகும். அதைவிடப் பெரிய சிக்கல், 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையிலும் 8 ஓம் இருப்பதில்லை. ஆகவே கிராஸ்ஓவரின் கணக்கு இடறும்.

நிஜமான ஆக்டிவ் ஸ்பீக்கரில் பெருக்குவதற்கு முன்பே ஒலியைப் பிரித்துவிடுகிறார்கள். வூஃபருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டருக்கு இன்னொன்று. நடுவில் எதுவும் குறுக்கிடாததால் கோனின் மேல் ஆம்ப்ளிஃபயருக்குப் பிடி அதிகம். ஃபின்லாந்தின் ஜெனலெக் 1978-ல் அந்நாட்டு வானொலிக்காகச் செய்தது இந்த வகைதான். சந்தேகமே வேண்டாம், இன்ஜினியரிங்கில் இதுதான் சரியான வழி.

ஆனால் இங்கே மலிவு விலையில் ஆக்டிவ் என்று விற்கும் ப்ளூடூத் டவரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரே ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டருக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர். பாஸிவ் ஸ்பீக்கருக்குள் ஆம்ப்ளிஃபயரை ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் மட்டும் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் :-) அந்த அளவுகோலுக்கு நிலையான வரையறையே கிடையாது. (2.1 செட்டுகள் கொஞ்சம் பரவாயில்லை. சப்வூஃபருக்கான ஒலியையாவது ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரிக்கிறார்கள்.)

இந்த ஊர்களின் பழைய அசெம்பிள்டு செட்டுகளில் புகழ் பெற்றது 4440 போர்டு. சானியோ கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த ஐ.சி. அது. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்ஸ், இரண்டையும் சேர்த்தால் 19. லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் 12 வோல்ட் பேட்டரிக்குப் பஞ்சமா? 2012-ல் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனபோதும் பேட்டரி வைத்திருந்த வீட்டில் 4440 பாடும். ஐ.சி. போனால் மாற்றிக்கொள்ளலாம். கோன் கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒன்று கெட்டால் மற்றது பிழைத்துக் கிடக்கும்.

உள்ளே ஆம்ப்ளிஃபயர் வைத்த டப்பாவில் போர்டு, வூஃபரின் அதிர்விலேயே நாள் முழுக்கக் கிடக்கிறது. சூடு வேறு. சால்டர் விடும், கெப்பாசிட்டர் காயும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் பவர் சப்ளை அடிபடும். கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால் போர்டுக்கு எங்கே போவது? நல்ல வூஃபரும் ட்வீட்டரும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கொடுத்த முழுப் பணமும் கூடவே போகும்.

இன்னொரு சின்ன தலைவலி: பெரும்பாலான ஆக்டிவ் ஜோடிகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி பிளக் பாயிண்ட் வேண்டும். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ பழைய வீடுகளில் டிவிக்குக் கீழே இருப்பதே ஒன்று!

ஹாஸ்டல் ரூமில் மேஜை மேல் வைத்துக் கேட்கும் மாணவருக்கு, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் என்று தெளிவாக எழுதியிருக்கும் சின்ன ஸ்டுடியோ மானிட்டர் போதும், அருமையாகவே பாடும். வீட்டு ஹாலில் பதினைந்து வருடம் ஓட வேண்டும் என்றால் நல்ல பாஸிவ் ஜோடியை முதலில் வாங்கலாம். ஆம்ப்ளிஃபயர் தனியாக, இன்றைக்கு ரேடியோ கடைக்காரர் பூட்டித் தரும் போர்டாகவே இருக்கட்டும். கையில் பணம் சேரும்போது அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.