சிறு முதலில் ஒரு கடல் யாத்திரை

பிறநாடு காணுதல் செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் நம் மாணவருட் பலரிடத்து வேரூன்றி நிற்கின்றது. வேறு சிலரையோ, கடன்பட்டேனும் ஒருமுறை விமானம் ஏறி வந்துவிடவேண்டும் என்னும் வேட்கை பற்றியிருக்கின்றது. முன்னவர் ஊர்விட்டு அகலாமலே முதுமை எய்துவர். பின்னவர் ஐந்து நாட் களிப்புக்கு ஈராண்டு வட்டி கட்டுவர். இருவர்க்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: யாத்திரைக்கு வேண்டுவது பணம் ஒன்றே என்று இருவரும் கருதுகின்றனர். பணத்தினும் முற்பட வேண்டுவது ஆயத்தம் என்பதும், அவ்வாயத்தத்தோடு செல்வார்க்கு முதல் அயல்நாடு நாகப்பட்டினத்துக்கு எதிர்க்கரையிலேயே இருக்கின்றது என்பதும் என் துணிபு.

விருத்தாசலத்து மாணவரை மனத்துட்கொண்டே இதனை எழுதுகின்றேன். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்ட அவ்வூர் இன்று பீங்கான் தொழிலாற் பெயர் பெற்றது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேற்கிடக்கும் வெண்களிமண், அவ்வூர்ச் சூளைகளில் அகலாகவும் பொம்மையாகவும் மின்கம்பி தாங்கும் இன்சுலேட்டராகவும் உருப்பெறுகின்றது. பீங்கான் தொழில் நுட்பம் கற்பிக்கும் அரசினர் கழகமும் ஆங்குண்டு. சூளையில் வேலை செய்யும் தந்தையின் மகன், தன் தொழில் பிறநாட்டில் எங்ஙனம் நடைபெறுகின்றது என்று கண்டுவர விரும்பினால், அது மிகைப்பட்ட ஆசை என்று யாரும் சொல்லற்க.

கொச்சி நகரில் சிறு தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா என்னும் தம்பதியரைப் பற்றிப் பலரும் கேள்வியுற்றிருக்கலாம். கடை வருவாயில் நாள்தோறும் 300 ரூபாயை யாத்திரைக்கென ஒதுக்கி, போதாததற்கு வங்கியிற் கடன் வாங்கி, மீண்டு வந்து உழைத்து அடைத்து, மறுபடியும் புறப்படுவர். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் விஜயன் காலமாவதற்குள் இருவரும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட நாடுகளைக் கண்டுவிட்டனர். அவர்தம் சேமிப்பை நம் மாணவர் பின்பற்றலாம். கடனைப் பின்பற்றல் ஆகாது. அவர்க்கு நாள்தோறும் வருவாய் தரும் கடை இருந்தது, மாணவர்க்கு அஃதில்லை. நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் ஒதுக்குவார் ஓராண்டில் 18,250 ரூபாய் சேர்ப்பர். இத்தொகையையே எல்லையாகக் கொண்டு, இதற்குள் எங்குச் சென்று மீளலாம் என்று ஆராய்தல் வேண்டும். இடத்தை முதலில் குறித்துக்கொண்டு பணத்துக்கு அலைவோரே கடனில் வீழ்வர்.

இனி, எங்குச் செல்வது? நேபாளத்துக்கு நம் நாட்டவர்க்கு விசா வேண்டா; ஆயினும் எல்லையை எட்டவே இருப்புப்பாதையில் இரண்டு மூன்று நாள் கழியும். பூட்டானுக்கும் விசா வேண்டாவெனினும், 2022 முதல் நம்மவரும் இரவொன்றுக்கு 1,200 ரூபாய் வரி செலுத்த நேர்ந்தது. எனவே முதல் யாத்திரைக்கு யாழ்ப்பாணமே ஏற்றது என்பேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிச் சின்னாளில் நின்ற பயணிகள் கப்பல், 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரப் பயணம். விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் வழியாக நாகையை ஒரு பகற்பொழுதில் அடைந்துவிடலாம்.

'யாழ்ப்பாணமும் ஓர் அயல்நாடா? ஆங்கும் தமிழே அன்றோ பேசுகின்றனர்!' என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். மொழி ஒன்றாயிருக்கும் இடத்திலேதான் வேற்றுமைகள் நன்கு விளங்கும். மொழியறியா நாட்டில் நாம் கட்டடங்களைக் காண்போம். யாழ்ப்பாணத்திலோ மனிதரோடு பேசுவோம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரை அதனிடையே வாழ்ந்தவர் வாயாற் கேட்கலாம். 1981-இல் எரியுண்டு, ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்து, பின்னர் மீண்டெழுந்த பொதுநூலகத்தில் ஒரு பகல் அமர்ந்து படிக்கலாம். கல்லூரி மாணவர்க்கு வேறொரு தொடர்பும் உண்டு. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும், 1823-இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். ஆறுமுக நாவலர் அக்கரையிலிருந்து வந்து 1864-இல் சிதம்பரத்திற் பாடசாலை கண்டார். அவர்கள் கல்வியின் பொருட்டுக் கடந்த கடலை நாம் கடக்கத் தயங்குவது ஏனோ!

ஆயத்தத்துள் முதலாவது கடவுச்சீட்டு. சாதாரண முறையில் 36 பக்கச் சீட்டுக்கு 1,500 ரூபாய்க் கட்டணம், பத்தாண்டு செல்லும். அவசரத்துக்குத் தத்கால் முறையை நாடினால் மேலும் 2,000 ரூபாய். சோம்பலுக்கு நாம் செலுத்தும் வரி என்றே இதனைச் சொல்லலாம். நம்மவர்க்கு உண்மையில் இடர் தருவது பணமன்று, பெயர். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்து எழுதும் வழக்கம் நமக்குரியது. கடவுச்சீட்டிலோ அவ்வெழுத்தை விரித்தெழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒருவகையும், ஆதார் அட்டையில் மற்றொரு வகையும், கப்பற் சீட்டில் மூன்றாவது வகையுமாகப் பெயர் நிற்குமாயின் துறைமுகத்தில் நின்று விடை சொல்ல வேண்டிவரும். ஆதலின் விண்ணப்பிக்குமுன் எல்லாத் தாள்களையும் ஒருங்கு பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுதல் நன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழை இணைக்கவும் மறவற்க. அஃதில்லார் சீட்டில், சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின் குடியகல்வுச் சோதனை வேண்டும் என்று குறிக்கப்படும்.

இலங்கைக்கு வேண்டிய முன்அனுமதியின் விதியும் கட்டணமும் 2023-க்குப் பின் பலமுறை மாறியுள்ளன. சென்ற ஆண்டு சென்று வந்த நண்பரின் சொல்லை நம்பாது, சீட்டு வாங்கும் வாரத்தில் அவ்வரசின் குடிவரவுத் திணைக்களத் தளத்தையே நோக்குக. அதனைப் போன்றே தோன்றி மிகைக்கட்டணம் பறிக்கும் தளங்களும் உள்ளன.

செலவைக் குறிப்பேட்டில் நான்கு வரியாக எழுதிக்கொள்ளலாம்: கப்பல், படுக்கை, உணவு, உள்ளூர்ப் போக்குவரவு. ஐந்தாவதாக, மொத்தத்தில் ஐந்திலொரு பங்கைத் தொடாப் பணமாக வைத்தல் வேண்டும். நோயும் கப்பல் தாமதமும் சொல்லிக்கொண்டு வருவன அல்ல. யுபிஐ வழியாகப் பணம் செலுத்தும் முறை 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் தொடங்கப்பெற்றது. எனினும் சிறு கடைகளில் கைப்பணமே உதவும்.

குறைந்த செலவென்னும் சொல்லைக் கேட்டவுடன் மயங்குவார்க்கு ஓர் எச்சரிக்கை கூறாதிருக்க இயலவில்லை. 2022-இல் தாய்லாந்தில் நல்ல வேலை என்று அழைக்கப்பெற்றுச் சென்ற தமிழ் இளைஞர் பலர், மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடியில் இணையவழி மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு அடியும் பசியும் உற்றனர். சுற்றுலா விசாவில் வா, வேலையைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவன் கூறினும், அவன் உறவினனேயாயினும், அவன் வாயிலை மிதியாதிருத்தல் நலம். வேலைக்குச் செல்வார் மத்திய அரசிற் பதிவு பெற்ற முகவர் வழியாகவே செல்லல் வேண்டும். இலவசப் பயணச் சீட்டைப் போல விலை மிகுந்தது வேறொன்றில்லை.

பீங்கான் தொழில் கற்போர் இன்னும் சில நாளும் பொருளும் உடையராயின் யாழ்ப்பாணத்தோடு நில்லாது தெற்கே செல்லலாம். யாழ்ப்பாணத்தைக் கண்டியோடு இணைக்கும் நெடுஞ்சாலை மாத்தளை வழியே செல்கின்றது. ஜப்பானியரின் நோரிடேக் நிறுவனம் மேசைப் பீங்கான் செய்யும் ஆலை அங்குளது. கண்டவுடன் கதவு திறப்பார் என்று எண்ணற்க. இரண்டு மாதம் முன்னரே கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு அனுமதி வேண்டி எழுதுதல் முறை. மறுத்துவிடின் யாழ்ப்பாணத்தோடு திரும்புக. வாயிற்கதவைப் படமெடுத்து வருவதற்காக அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தங்க இடம் தரும் அன்பர்க்குக் கொடுக்க விருத்தாசலத்து அகல்கள் நான்கைத் துணியிற் சுற்றி எடுத்துச் செல்லலாம். கடையில் வாங்கும் இனிப்பினும் அவற்றுக்கு மதிப்பு மிகுதி, சுமையோ குறைவு.

காலம் பற்றி ஒன்று. வடகிழக்குப் பருவமழை நாட்களிற் கடல் கொந்தளிக்கும், கப்பலும் நிற்பதுண்டு. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறும்; அதனைக் காண்பது இன்பமே எனினும் அப்போது விடுதி கிடைத்தல் அரிது. மாசி பங்குனியே சிறு முதலினர்க்கு உகந்த காலம். வரும் மாசியிற் புறப்பட எண்ணுவார் புரட்டாசிக்குள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிடுக.