கண்டியில் எங்கே தங்குவது?

விடுமுறைக் காலம் நெருங்கும்போது மாணவரும் அவர்தம் பெற்றோரும் என்னிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கண்டிக்குப் போகிறோம், எந்தப் பகுதியில் தங்கினால் நன்று?" என்பதே அது. வாடகை எவ்வளவு, சாளரத்தைத் திறந்தால் வாவி தெரியுமா என்னும் இரண்டை மாத்திரம் விசாரித்துவிட்டு அறை பிடிப்போர் பலர். ஆனால், காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்த வழியே போக வேண்டும், மாலையில் யாருடன் அளவளாவப் போகிறோம், அடைமழை பிடித்தால் என்ன செய்வோம் என்பனவற்றை எல்லாம் நாம் தங்கும் இடமே தீர்மானித்து விடுகின்றது. ஆகவே இதனைச் சற்று ஆற அமர எண்ணிப் பார்ப்பது தகும்.

முதலில் நகரின் அமைப்பை மனத்திற் கொள்ளல் வேண்டும். மகாவலி கங்கை கண்டி நகரை மூன்று புறமும் வளைந்து ஓடுகின்றது. மலையும் காடும் ஆறும் சேர்ந்து அளித்த காவலினாலேயே, கரையோரம் முழுவதும் அந்நியர் வசமான பின்னரும் கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு வரை நிலைத்து நின்றது. அன்று பகைவரைத் தடுத்த அந்த ஆறு இன்று உல்லாசப் பிரயாணியையும் சற்றே தடுக்கின்றது. வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர, மேற்கே பேராதனை ஆகிய இடங்களிலுள்ள பாலங்களே நகரின் வாயில்கள். பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் அவ்வாயில்களில் வாகனங்கள் எறும்பெனச் சாரை பிடித்து நிற்கும். எனவே கண்டியில் இடம் தேடுகிறவர் முதலிற் கேட்க வேண்டிய வினா, "பாலத்துக்கு இப்புறமா, அப்புறமா?" என்பதாகும்.

இப்புறத்தில் நடுநாயகமாக விளங்குவது வாவிக்கரை. கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல்வெளியாகக் கிடந்த நிலத்தில் நீரைத் தேக்கி உண்டாக்கியது அவ்வாவி. தலதா மாளிகை, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள், மல்வத்தை விகாரை, மீரா மக்காம் பள்ளிவாசல், சற்றே விலகிக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் யாவும் கால்நடையாகவே கண்டு வரத்தக்க எல்லைக்குள் அமைந்துள்ளன. பக்கத்திலே மலபார் வீதி என்றொரு வீதியுண்டு. மதுரைச் சீமையிலிருந்து வந்த நாயக்க வமிசத்து அரசரின் உறவினர் வாழ்ந்த வீதி அது. இன்னார் இன்ன வீதியில் இருக்க வேண்டும் என்பதை அக்காலத்தில் அரசனே விதித்தான். இக்காலத்தில் பணப்பை விதிக்கின்றது!

தலதா மாளிகையில் நாளின் முதற் பூசை அதிகாலை ஐந்தரை மணியளவில் நிகழும். அம்மேளவோசையைக் கேட்க விரும்புகிறவர் நகருக்குள் தங்குவதே முறை. முதியோரையும் கைக்குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வோருக்கும் இதுவே ஏற்றது. களைத்தபோது அறைக்குத் திரும்பி ஒரு நாழிகை கண்ணயரலாம். எசல பெரஹரா நடைபெறும் நாட்களில் மாத்திரம் கணக்கு மாறிவிடும். அறை வாடகை பன்மடங்கு ஏறும். மாலையில் வீதிகள் அடைபடும். ஊர்வலம் முடிந்து நள்ளிரவை அண்டிய வேளையில் பாலங்கடந்து போக வாகனம் கிடைப்பதும் அரிது. அந்நாட்களிற் செல்வோர் பல மாதங்களுக்கு முன்னரே நகருக்குள் இடம் பதிவு செய்தல் வேண்டும். அன்றேல் திரும்பிச் செல்லும் வாகனத்தை முற்பகலிலேயே பேசி வைத்தல் வேண்டும்.

நகரைச் சூழ்ந்த மேடுகளான அம்பிட்டிய, ஹந்தானை, பைரவகந்த ஆகியவற்றில் தங்குமனைகள் பல. குளிர்ந்த காற்றும் காட்சியும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஏற்றம் கடினமானது. முழங்கால் வலியுள்ள பாட்டியாரை அழைத்துச் செல்வோர், ஒவ்வொரு முறை வெளியே போகவும் முச்சக்கர வண்டிக்குக் காசு எடுத்து வைத்துக் கொள்ளுதல் நலம்.

மாணவருக்கு உகந்த பகுதி பேராதனை என்பது என் எண்ணம். நகரிலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவில், ஆற்றின் வளைவுக்குள் அமைந்தது 1821ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தாவரவியற் பூங்கா. இரண்டாவது உலக யுத்த காலத்தில், 1944ஆம் ஆண்டு, தென்கிழக்காசிய நேசப்படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தை இங்கேதான் நிறுவினார். கொழும்பில் 1942ஆம் ஆண்டு உதயமான இலங்கைப் பல்கலைக்கழகம் பத்தாண்டின் பின் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அவ்வளாகத்தின் மேட்டிலே குறிஞ்சிக் குமரன் கோவில் கொண்டிருக்கின்றான். பதினான்காம் நூற்றாண்டின் கலைக் கோவில்களாகிய கடலாதெனியா, லங்காதிலக்க, எம்பக்கே மூன்றையும் காணச் செல்வோருக்கும் மேற்குத் திசையே வசதி. பல்கலைக்கழகத்தைக் கண்ணாரக் கண்ட பிள்ளை அங்கே படிக்க வேண்டுமென்று ஆசை கொள்ளுமாயின், அப்பிரயாணத்தின் செலவு வீண்போகவில்லை என்பேன்.

இனி, பாலத்துக்கு அப்புறம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வருகிற குடும்பம் தம்புள்ளை, மாத்தளை கடந்து, கண்டியை அடையப் பத்துக் கிலோமீற்றர் இருக்கையில் அக்குறணையைக் காண்கின்றது. இருமருங்கும் கடைகள் நெருங்கிய நீண்ட வீதி; மைல் கட்டைகளின் பெயராலேயே இடஞ்சுட்டும் பழக்கம்; எங்கும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள். புகையிரதப் பாதை இவ்வூரைத் தொடாது வத்தேகம வழியாக மாத்தளைக்குப் போகின்றது. ஆயினும் பெருவீதியிலே பஸ் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை.

கண்டி நகரை மாத்திரம் பார்க்கப் போகிறவருக்கு அக்குறணை பொருத்தமான இடமென்று சொல்லமாட்டேன். நாள்தோறும் கட்டுகஸ்தோட்டை நெரிசலில் இருமுறை சிக்க நேரும். ஆனால் ஒருநாள் கண்டியும், மறுநாள் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலும் அலுவிகாரையும், அதற்கடுத்த நாள் தம்புள்ளையும் சிகிரியாவும் எனத் திட்டமிட்ட குடும்பத்துக்கு இதனினும் வாய்ப்பான இடமில்லை. வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடுவோர் இப்பக்கத்தில் உண்டு. மொழி புரியாத தவிப்பு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், இரவில் வைத்தியர் எங்கேயென்று தமிழிலேயே கேட்கலாம். சைவ உணவு உண்போர் முன்கூட்டியே சொல்லி வைத்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடைகள் சிறிது நேரம் மூடியிருக்கும். நோன்பு மாதத்திற் பகல் அடங்கி இரவு கலகலக்கும். விருந்தாளி இவற்றை அறிந்து நடந்தால் இருசாராருக்கும் மகிழ்ச்சி.

இன்னுமொரு காரணத்தையும் சொல்ல விரும்புகின்றேன். 1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, அவர்களுக்கு அடைக்கலம் தந்தவன் கண்டி அரசன் செனரத். பின்னாளில் கண்டி இராச்சியத்தின் பொதிமாட்டுப் போக்குவரத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தனர், வைத்தியராகவும் சிறந்தனர். அத்தகைய மலைநாட்டில் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அக்குறணையும் அத்துயரத்துக்குத் தப்பவில்லை. பத்திரிகைச் செய்தியில் ஓர் ஊரின் பெயரை வாசிப்பது வேறு. அவ்வூரில் ஒரு வீட்டிலே இரவு தங்கி, அவர்கள் வார்த்த தேநீரைக் குடித்து, அவர்கள் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு வருவது வேறு. அவ்வாறு தங்கி வந்த சிறுவனிடம் பிற்காலத்தில் எவரேனும் அம்மக்களைப் பற்றி அவதூறு சொன்னால், அவன் எளிதில் நம்பிவிட மாட்டான்.

ஊருக்குள் தங்குபவனே நாட்டை அறிகிறான் என்பதற்கு ரொபேர்ட் நொக்ஸ் சான்று. 1660ஆம் ஆண்டு இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்ட அந்த ஆங்கிலேயனும் தோழர்களும் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை. கிராமங்களிலே பிரித்து இருத்தப்பட்டனர். உணவளிப்பது ஊராரின் கடமையாயிற்று. 1679ஆம் ஆண்டு தப்பிச் சென்ற பின் அவன் எழுதி, 1681ஆம் ஆண்டு வெளிவந்த நூல், உழவும் உணவும் வழக்கும் பற்றி இத்தனை நுணுக்கமாகப் பேசுவது அதனாலன்றோ! கைதிக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில்லை, நமக்கு உண்டு.

கண்டிச் சீமையில் எப்பகுதியைத் தேர்ந்தாலும் மழையை மறத்தலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இங்கே கடும் மழைக்காலம். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதி நீரில் மூழ்கும். அவ்வேளை பெருவீதியிற் போக்குவரத்தும் தடைப்படும். மேட்டுப் பகுதிகளில் மண்சரிவு அபாயம் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையில் கண்டி மாவட்டத்திற் பல உயிர்கள் மாண்டதை நாடு மறவாது. "ஆழமறியாமற் காலை விடாதே" என்பது பழமொழி. சரிவு அறியாமல் அறை பிடியாதே என்று அதனோடு சேர்த்துக் கொள்வோம். வீடு ஓடைக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது, பின்புறம் வெட்டிய மண்மேடு உண்டா, சென்ற மழைக்கு நீர் எதுவரை வந்தது என்னும் மூன்றையும் வீட்டுக்காரரிடம் தயங்காது கேளுங்கள். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் கவனியுங்கள். எச்சரிக்கை வந்த பின்னும், முற்பணம் கட்டிவிட்டோமே என்று புறப்படுதல் அறிவுடைமையாகாது.

மலைநாட்டுப் பழைய வழிகளில் அம்பலம் என்னும் தங்குமடங்கள் இருந்தன. நம் தமிழ்ச்சொல்லே சிங்களத்திலும் அம்பலம என வழங்குகின்றது. வழிப்போக்கர் பொதியை இறக்கி, ஒருவரையொருவர் ஊர் பேர் விசாரித்து இளைப்பாறிய இடம் அது. நாம் பிடிக்கும் அறையும் அத்தகைய அம்பலமாக அமைதல் வேண்டும். ஆதலால், கண்டிக்குப் புறப்படும் முன் ஒரு மாலை குடும்பத்தார் யாவரும் கூடியிருந்து, எதைக் காணப் போகிறோம், உடன் வருபவரில் மிகத் தளர்ந்தவர் யார், இரவில் எப்படித் திரும்புவோம், மழை வந்தால் என் செய்வோம் எனப் பேசி முடிவு செய்யுங்கள். நிலப்படத்தைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, ஆற்றையும் மூன்று பாலங்களையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.